தானாக இன்ஸ்டால் ஆகவேண்டிய மென்பொருள் ஆகவில்லையா? புதிதாக ஐடி வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்தில் 200 கணினிகளுக்கு ஒரு மென்பொருளைத் தானாக இன்ஸ்டால் ஆகும்படி அனுப்பிவிட்டீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் 160-இல் 'முடிந்தது', 25-இல் 'தோல்வி', 15-இல் 'காத்திருக்கிறது' என்று காட்டுகிறது. புதியவர்களின் கை நேராக 'மறுபடி அனுப்பு' பொத்தானுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். காரணம் தெரியாமல் மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். பல சமயம் பழைய லாக் ஃபைலின் (நடந்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் ஃபைல்) மேலேயே புதியது எழுதப்பட்டு, கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

'தோல்வி' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பல கட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. கட்டளை கணினிக்கு வந்ததா, ஃபைல் வந்ததா, இன்ஸ்டாலர் ஓடத் தொடங்கியதா, என்ன எண்ணோடு முடிந்தது, முடிந்ததை நம் கருவி கண்டுகொண்டதா. 'ஏன் ஆகவில்லை' என்று மண்டையைக் குடைவதற்கு முன் 'எதுவரை வந்தது' என்று பார்த்துவிட்டால் தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிகளைப் பற்றி. குரூப் பாலிசி, கான்ஃபிகரேஷன் மேனேஜர், இன்ட்யூன் என்ற மைக்ரோசாஃப்ட் கருவிகளில் நீங்கள் எதை வைத்து அனுப்பினாலும் வரிசை இதுதான்.

1. எத்தனை கணினி, எந்தெந்தக் கணினி

எல்லாவற்றிலும் தோல்வி என்றால் கோளாறு பெரும்பாலும் பேக்கேஜில், அதாவது நீங்கள் அனுப்பிய இன்ஸ்டால் தொகுப்பில் இருக்கும், அல்லது நீங்கள் எழுதிய கட்டளையில் இருக்கும். கணினிகளைக் குடையவே வேண்டாம். சிலவற்றில் மட்டும் என்றால் அந்தச் சிலவற்றுக்குள் ஏதோ ஒன்று பொதுவாக இருக்கும்: ஒரே மாடல் லேப்டாப், ஒரே விண்டோஸ் பதிப்பு, விபிஎன் வழியாக வெளியிலிருந்து வேலை செய்பவர்கள், அதே மென்பொருளின் பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கும் கணினிகள். ஒன்றே ஒன்றில் என்றால் அது அந்தக் கணினியின் சொந்தச் சங்கடம். டிஸ்க் நிறைந்திருக்கும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்து மாதக்கணக்காகியிருக்கும்.

'காத்திருக்கிறது' என்பவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை அணைத்து வைக்கப்பட்ட கணினிகளாக, அல்லது மூடிப் பைக்குள் போன லேப்டாப்களாக இருக்கும். தோற்றதில் ஒன்று, ஆனதில் ஒன்று என்று இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பார்ப்பதையெல்லாம் இந்த இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

2. கட்டளை வந்து சேர்ந்ததா

குரூப் பாலிசியில் கணினிக்கென்று ஒதுக்கிய மென்பொருள், கணினி தொடங்கும்போதுதான் இன்ஸ்டால் ஆகும். பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது, ரீஸ்டார்ட் வேண்டும். அதுவும் சில சமயம் இரண்டு தடவை. விண்டோஸ் சீக்கிரம் லாகின் திரையைக் காட்டுவதற்காக, நெட்வொர்க் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. முதல் ரீஸ்டார்ட்டில் 'ஒரு மென்பொருள் காத்திருக்கிறது' என்று மட்டும் தெரிந்துகொண்டு, இரண்டாவதில்தான் போடும். 'தொடங்கும்போது எப்போதும் நெட்வொர்க்குக்குக் காத்திரு' என்ற பாலிசியை இயக்கினால் இந்தச் சிக்கல் குறையும். பாலிசி வந்ததா என்று பார்க்க ஜிபிரிசல்ட் கட்டளை இருக்கிறது. அதை அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள், இல்லையென்றால் கணினிக்கான பகுதியே அறிக்கையில் வராது. கணினியை ஒரு குரூப்பில் இப்போதுதான் சேர்த்தீர்கள் என்றாலும் ஒரு ரீஸ்டார்ட் தேவை. அதுவரை தான் அந்தக் குரூப்பில் இருப்பது அந்தக் கணினிக்கே தெரியாது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. "ஷட்டவுன் செய்து ஆன் பண்ணிட்டேன் சார்" என்று பயனர் சொல்வார். பொய் இல்லை. ஆனால் விண்டோஸ் 10, 11-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் கிடையாது. விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்யும்போது திரும்ப ஏற்றப்படுகிறது. மெனுவில் இருக்கும் 'ரீஸ்டார்ட்' மட்டுமே உண்மையான ரீஸ்டார்ட். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பார்த்தால் கணினி எத்தனை நாளாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்ட்யூனில் வின்32 ஆப்களைக் கவனித்துக்கொள்ளும் ஏஜென்ட் ஏறத்தாழ மணிக்கு ஒருமுறைதான் புதிய வேலை இருக்கிறதா என்று கேட்கும். தோற்றால் சில நிமிட இடைவெளியில் மூன்று முறை முயன்றுவிட்டு, பிறகு ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத்தான் மறுபடி தொடும். நீங்கள் கோளாறைச் சரிசெய்த பிறகும் எதுவும் அசையவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். சரிசெய்தது தப்பு என்று நினைத்து மறுபடி எதையாவது மாற்றிவைக்காதீர்கள்.

3. ஃபைல் கைக்குக் கிடைத்ததா

ஷேர் ஃபோல்டரில் பேக்கேஜை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் திறந்தால் திறக்கிறது. பயனர் திறந்தாலும் திறக்கிறது. இருந்தாலும் இன்ஸ்டாலர் 1619 என்று சொல்லிவிட்டு நிற்கிறது. பேக்கேஜைத் திறக்க முடியவில்லை என்று பொருள். ஏனென்றால் ஃபைலைக் கேட்பது நீங்களும் இல்லை, பயனரும் இல்லை. கணினி தன் சொந்தப் பெயரில் போய்க் கேட்கிறது. டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளையும் அக்கவுண்ட்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில், ஒவ்வொரு கணினிக்கும் தனி அக்கவுண்ட் உண்டு. பெயரின் கடைசியில் டாலர் குறி இருக்கும். அதற்கு ஷேரிலும் ஃபோல்டரிலும் படிக்கும் உரிமை வேண்டும். 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குரூப்புக்குப் படிக்கும் உரிமை கொடுத்தால் முடிந்தது. ஷேர் பர்மிஷன், ஃபோல்டர் பர்மிஷன் இரண்டும் தனித்தனி என்பதையும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கட்டளையில் டிரைவ் எழுத்தை எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உங்கள் திரையில் தெரியும் 'இசட்' டிரைவ் உங்கள் லாகினுக்கு மட்டும் சொந்தம். இரண்டு பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையை எழுதினால்தான் கணினிக்குப் புரியும். கணினியின் கடிகாரம் டொமைனோடு 5 நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால், வழக்கமான அமைப்பில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையின் அனுமதிச் சீட்டே கிடைக்காது. அப்போது பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்காது.

4. இன்ஸ்டால் செய்வது யார்

புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. நீங்கள் டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்டால் ஆகிறது, அனுப்பினால் ஆகவில்லை என்றால், பேக்கேஜைச் சந்தேகிப்பதற்கு முன் ஓட்டுபவர் யார் என்று பாருங்கள்.

அனுப்பும் கருவிகள் பொதுவாக 'சிஸ்டம்' என்ற அக்கவுண்ட்டில் இன்ஸ்டாலரை ஓட்டும். அதற்கு உங்களைவிட அதிகாரம் அதிகம். ஆனால் திரை கிடையாது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் சர்வீஸ்கள் 'செஷன் 0' என்ற தனி இடத்தில் ஓடுகின்றன. அங்கே ஒரு ஜன்னல் திறந்தால் யாருடைய மானிட்டரிலும் தெரியாது. இன்ஸ்டாலர் "உரிம விதிகளை ஏற்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, ஆளில்லாத வீட்டின் காலிங் பெல்லை அடித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றுகொண்டே இருக்கும். கடைசியில் நேரம் முடிந்து கருவியே அதைத் தோல்வி என்று எழுதிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தோற்ற நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள். இன்ட்யூனில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அதிகபட்ச நேரம் 60 நிமிடம். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் 120 நிமிடம். அந்த நேரத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் தோற்றிருந்தால், இன்ஸ்டாலர் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருந்தது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்தால் டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் இன்ஸ்டாலர் இருக்கும், சிபியு பூஜ்யமாக இருக்கும்.

பெரும்பாலும் காரணம் தவறான சைலண்ட் ஸ்விட்ச், அதாவது 'எதையும் கேட்காமல் இன்ஸ்டால் செய்' என்று சொல்லக் கட்டளையோடு சேர்க்கும் சொல். விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான எம்எஸ்ஐ ஃபைல்களுக்கு எல்லாம் ஒரே முறை: சாய்கோடு போட்டு 'க்யூஎன்', கூடவே 'நோரீஸ்டார்ட்'. இஎக்ஸ்இ ஃபைல்களுக்கு அப்படி ஒரே விதி கிடையாது, உள்ளே எந்த இன்ஸ்டாலர் கருவி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. இன்னோ செட்டப்பில் செய்ததற்கு 'வெரிசைலண்ட்', அதோடு 'சப்ரெஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ்'. என்எஸ்ஐஎஸ்-இல் செய்ததற்கு ஒரே ஒரு 'எஸ்'. அது பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்தைப் போட்டால் கண்டுகொள்ளாமல் ஜன்னலைத் திறந்துவிடும். எது என்று தெரியாவிட்டால் ஃபைலின் ப்ராப்பர்டீஸைப் பாருங்கள், அல்லது கேள்விக்குறி ஸ்விட்சோடு ஓட்டிப் பாருங்கள். பல இன்ஸ்டாலர்கள் தம் ஸ்விட்ச்களைத் தாமே பட்டியலிடும்.

இப்போது பரிசோதனை. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிஎஸ்எக்ஸெக் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை 'எஸ்', 'ஐ' என்ற இரண்டு ஸ்விட்சோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறக்கும்படி ஓட்டினால், சிஸ்டம் அக்கவுண்ட்டிலேயே ஒரு கறுப்பு ஜன்னல் உங்கள் திரையில் திறக்கும். 'ஹூஆம்ஐ' அடித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கருவியில் கொடுத்த அதே கட்டளையை, ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டி ஓட்டுங்கள். செஷன் 0-வில் ஒளிந்திருந்த கேள்வி இங்கே கண்முன்னே திறந்துவிடும். ஷேர் பாதை திறக்கவில்லை என்றால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: இந்தக் கருவியைத் தாக்குதல் செய்பவர்களும் பயன்படுத்துவதால், பாதுகாப்பு மென்பொருள் சில இடங்களில் அலறும். பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இதே அக்கவுண்ட் விஷயத்தால் இன்னும் இரண்டு வேடிக்கைகள் நடக்கும். சில மென்பொருள்கள் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள், அதாவது ஆப்டேட்டாவில் போய் உட்காரும் வகை. அவற்றை சிஸ்டம் அக்கவுண்ட்டில் ஓட்டினால் விண்டோஸ் ஃபோல்டருக்கு அடியில் இருக்கும் 'சிஸ்டம்ப்ரொஃபைல்' என்ற இடத்தில் நேர்த்தியாக இன்ஸ்டால் ஆகும். எரர் எதுவும் வராது, பயனருக்கு ஐகானும் வராது. அந்த வகைக்கு, எல்லாப் பயனருக்கும் சேர்த்துப் போடும் தனிப் பதிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். இரண்டாவது, ப்ராக்ஸி, அதாவது அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போகும்போது நடுவில் நிற்கும் சர்வர். உங்கள் பிரவுசரில் இருக்கும் ப்ராக்ஸி அமைப்பு சிஸ்டம் அக்கவுண்ட்டுக்குப் பொருந்தாது. ஓடும்போது இணையத்திலிருந்து மீதியை இறக்கிக்கொள்ளும் சின்ன இன்ஸ்டாலர்கள் இதனால்தான் விழுகின்றன. முடிந்தவரை முழு ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே வாங்கி வையுங்கள்.

5. எண்ணைப் படியுங்கள்

இன்ஸ்டாலர் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நலம். 3010 என்றாலும் நலம்தான், ஒரு ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். 1641 என்றால் ரீஸ்டார்ட்டை அதுவே தொடங்கிவிட்டது. சில கருவிகள் இவற்றைத் தோல்விக் கணக்கில் சேர்த்துவிடும். அப்போது மாற்றவேண்டியது கருவியின் அமைப்பைத்தான்.

1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் அதே சமயம் நடக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். சிறிது நேரம் கழித்து முயன்றால் போய்விடும். போகவில்லை என்றால் எங்கோ ஓர் இன்ஸ்டால் சிக்கிக்கொண்டு வழியை அடைத்திருக்கிறது. 1638 என்றால் அதன் இன்னொரு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. பல மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான விஷுவல் சி++ ரன்டைமைப் போடும்போது இது அடிக்கடி வரும். ஏற்கெனவே புதியது இருப்பதால் பழையதை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். 1625 என்றால் ஏதோ ஒரு பாலிசி தடுக்கிறது.

சரி, 1603-க்கு வருவோம். 'கடுமையான பிழை' என்பதைத் தவிர இந்த எண் எதுவும் சொல்லாது. இணையத்தில் தேடினால் நூறு தீர்வுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் வேறொருவரின் கணினிக்கானது. தேடுவதை விட்டுவிட்டு லாக் எடுங்கள். எம்எஸ்ஐ கட்டளையின் கடைசியில் சாய்கோடு, 'எல்', நட்சத்திரக் குறி, 'வி', பிறகு லாக் ஃபைலின் பாதை என்று சேர்த்தால் விரிவான லாக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். தொடக்கத்திலிருந்து படிக்கவும் வேண்டாம். நோட்பேடில் திறந்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற தொடரை ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் அது எங்கே வருகிறதோ அங்கே நின்று, அதற்கு மேலே உள்ள இருபது முப்பது வரிகளைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே வரும் பிழைகள் பெரும்பாலும் இன்ஸ்டாலர் செய்ததையெல்லாம் திரும்ப அழிக்கும்போது எழும் சத்தம்தான். லாக்கின் கடைசியிலிருந்து மேலே வருபவர்கள் அந்தச் சத்தத்தில்தான் தொலைந்துபோகிறார்கள்.

அந்த வரிகளில் இன்னொரு நான்கு இலக்க எண் தென்படும். 1303 என்றால் ஒரு ஃபோல்டரைத் தொட உரிமை இல்லை, எந்த ஃபோல்டர் என்பதும் அதே வரியில் இருக்கும். 1306 என்றால் ஒரு ஃபைலை வேறு மென்பொருள் பிடித்துவைத்திருக்கிறது. 1920 என்றால் மென்பொருளோடு வந்த சர்வீஸ் தொடங்க மறுக்கிறது. அதற்குத் தேவையான ரன்டைம் இல்லாதபோதும், ஆன்டிவைரஸ் குறுக்கிடும்போதும் இப்படி வரும். 1714 என்றால் பழைய பதிப்பை நீக்க முடியவில்லை. இதற்குப் பின்னால் அடிக்கடி இருப்பது ஒரு நல்லெண்ணம்: டிஸ்கில் இடம் போதவில்லை என்று யாரோ விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மறைவான 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரைக் காலி செய்திருப்பார்கள். நீக்குவதற்குத் தேவையான எம்எஸ்ஐ நகல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று, அதே பழைய பதிப்பின் எம்எஸ்ஐயைத் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் கோளாறுகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் கருவியால் பழையதன் பதிவை நீக்க வேண்டும்.

லாக் எதுவும் இல்லையா? ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பகுதியில் 'எம்எஸ்ஐஇன்ஸ்டாலர்' என்ற மூலத்தை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். 11707 வெற்றி, 11708 தோல்வி. கான்ஃபிகரேஷன் மேனேஜரின் லாக்குகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சிசிஎம்', அதற்குள் 'லாக்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். 'ஆப்என்ஃபோர்ஸ்' என்பதைத் திறந்தால் எந்தக் கட்டளை ஓடியது, என்ன எண் வந்தது என்று அப்படியே இருக்கும். இன்ட்யூனுடையவை புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஏஜென்ட்டின் பெயரிலுள்ள ஃபோல்டரில்.

பேட்ச் ஃபைலோ பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டோ எழுதி அதற்குள் இன்ஸ்டாலரை வைத்திருந்தால், எண்ணை நம்புவதற்கு முன் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். இன்ஸ்டாலர் 1603-ஓடு விழுந்த பிறகு, கடைசி வரி ஒரு தற்காலிக ஃபைலை வெற்றிகரமாக அழித்திருக்கும். ஸ்கிரிப்ட் 0 என்று சொல்லிவிடும். எண்ணை உடனே ஒரு மாறியில் பிடித்துவைத்து, முடியும்போது அதையே வெளியே கொடுங்கள்.

6. ஆகியிருக்கிறது, ஆனாலும் 'தோல்வி'

பயனர் அந்த மென்பொருளைத் திறந்து வேலையே செய்துகொண்டிருப்பார். கருவி தோல்வி என்று அடம்பிடிக்கும். இன்ட்யூனில் '87டி1041சி' என்று முடியும் நீளக் குறியீடும், கான்ஃபிகரேஷன் மேனேஜரில் '87டி00324' என்று முடிவதும் இதைத்தான் சொல்கின்றன: இன்ஸ்டாலர் முடிந்தது, பிறகு தேடினால் காணவில்லை. தப்பு பெரும்பாலும் நீங்கள் எழுதிய கண்டறியும் விதியில், அதாவது மென்பொருள் இருக்கிறதா என்று கருவி எதை வைத்துப் பார்க்கிறதோ அந்த விதியில் இருக்கும்.

பதிப்பு எண் 'சமம்' என்று எழுதியிருந்தால், தானே புதுப்பித்துக்கொள்ளும் பிரவுசர் போன்றவை இரண்டு நாளில் விதியைத் தாண்டிப் போய்விடும். கருவி பழையதை மறுபடி மறுபடி போடப் பார்க்கும். 'சமம் அல்லது அதற்கு மேல்' என்று மாற்றுங்கள். 32 பிட் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எழுதும் பதிவு 64 பிட் விண்டோஸில் 'வாவ்6432நோட்' என்ற கிளைக்குக் கீழே போய்விடும். விதி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபாருங்கள். சில இஎக்ஸ்இ ஃபைல்கள் உண்மையான வேலையை இன்னொரு புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வெளியேறிவிடும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கருவி வந்து தேடி, இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். இவற்றுக்கு வேலை முடியும்வரை காத்திருக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சுற்றி எழுத வேண்டும்.

என்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்று பார்க்க 'வின்32_புராடக்ட்' என்ற வழியைப் பல பழைய குறிப்புகள் சொல்லும். அதைத் தொடாதீர்கள். பட்டியல் கேட்டாலே அது கணினியில் உள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சரிபார்க்கத் தொடங்கி, சிலவற்றைப் பழுதுபார்த்தும் வைக்கும். ரெஜிஸ்ட்ரியின் 'அன்இன்ஸ்டால்' கிளையைப் படித்தாலே போதும்.

7. சரிசெய்த பிறகு

திருத்திய பேக்கேஜை முதலில் தோற்ற கணினிகளில் மூன்று நான்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏற்கெனவே ஆன கணினி ஒன்றையும் அதில் சேர்த்தால், புதிய கட்டளை பழையதைக் கெடுக்கவில்லை என்பதும் தெரியும். அன்இன்ஸ்டால் கட்டளையையும் அப்போதே ஓட்டிப் பாருங்கள். அதைச் சோதிக்காமல் விட்டவர்களுக்கு அடுத்த பதிப்பு வரும்போதுதான் வலிக்கும்.

உங்களால் முடியாமல் மூத்தவரிடமோ தயாரிப்பாளரிடமோ கொண்டுபோக வேண்டியிருந்தால், 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் அதே வேலையை அவர்கள் முதலிலிருந்து செய்ய வேண்டும். எந்த அக்கவுண்ட்டில் ஓடியது, ஓடிய முழுக் கட்டளை, வந்த எண், எத்தனையில் எத்தனை தோற்றது, தோற்றவற்றுக்குப் பொதுவானது என்ன, விரிவான லாக் ஃபைல். இவ்வளவையும் முதல் மடலிலேயே அனுப்புங்கள். லாக்கில் பயனர் பெயர்களும் சர்வர் பெயர்களும், சில சமயம் கட்டளையில் கொடுத்த பாஸ்வேர்டும் லைசென்ஸ் சாவியும்கூட அப்படியே இருக்கும். வெளியே அனுப்புமுன் அவற்றை அழித்துவிடுங்கள்.